நாலாவது வரி

டெல்மர் ஹாகனுக்கு எழுபத்து நான்கு வயது. அதில் முப்பத்தொரு வருடம் மினசோட்டாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். பனி கொட்டும் சாலையில், பின்னால் ஐம்பது பிள்ளைகள் காது கிழியக் கத்த, வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் என்று பெயர். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடம் அதை ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்துக் கொடுத்தது. அவரும் மனைவி ஆர்லிஸும் வீட்டை விற்றுவிட்டு முப்பத்திரண்டு அடி நீள வீட்டு வண்டியில் குடியேறியபோது, பழைய வீட்டிலிருந்து கூட வந்த ஒரே அலங்காரம் அந்தத் தகடுதான்.

எட்டு வருடமாக அந்த வண்டியே வீடு. முன்னால் ஓட்டுகிற இருக்கை, நடுவில் அடுப்பும் மேசையும், கடைசியில் கட்டில். பின்னால் கொக்கி போட்டு இழுத்து வர ஒரு சின்னக் கார். குளிர்காலம் முழுக்க அரிசோனா. வெயில் ஏற ஏற வடக்கே. பெரிய நகரம் என்றால் டெல்மருக்கு ஆகாது. ஒரு தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சாப்பாட்டுக் கடை உள்ள ஊராகப் பார்த்து நிறுத்துவார். அந்த ஊரில் எது விசேஷமோ அதைப் பார்த்தாக வேண்டும். பழைய கலப்பைக் கொழுக்களைப் பற்றவைத்துச் செய்த காட்டெருமை, ஒரு கிழவர் நாற்பது வருடமாகச் சுற்றிய நூல் பந்து என்று ஆர்லிஸ் பார்க்காத அபத்தம் கிடையாது. அவளுக்கு அது அத்தனையும் பிடிக்கும்.

ஜூன் கடைசியில் நெப்ராஸ்காவின் மணல் மேடுகளுக்கு நடுவே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஓர் ஊரில் முள்கம்பிக்கென்றே ஒரு காட்சிசாலை இருந்தது. நானூறு வகை முள்கம்பி. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு சீட்டு. முன்பென்றால் டெல்மர் ஒரு சீட்டை விடமாட்டார். யார் முறுக்கினார், எந்த வருடம், எந்த மாடு கிழிபட்டது என்று எல்லாவற்றையும் உரக்கப் படிப்பார். ஆர்லிஸுக்குக் கால் கடுத்துவிடும். இந்தத் தடவை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

"என்ன, அதுக்குள்ள முடிச்சிட்ட?"

"முள்கம்பின்னா முள்கம்பிதான். அதுல உத்துப் பார்க்க என்ன இருக்கு?"

 அவர் படிக்கவில்லை என்று ஆர்லிஸுக்குத் தெரியும். ஏன் படிக்கவில்லை என்றும் தெரியும். குளிர்காலத்தில் அரிசோனாவில் கண் மருத்துவரிடம் தனியாகப் போய்விட்டு வந்து, "வயசுக்கு ஏத்த கண்ணு" என்று சொல்லி விஷயத்தை மூடினார். அதன் பிறகுதான் அவர் அவளைப் பார்க்கும் விதம் மாறியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் காதைப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் நடுவில் எல்லாம் அழிந்துவிடுகிறது, ஓரத்தில் மட்டும் மிஞ்சுகிறது. அதை அவர் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள்.

அப்படியிருந்தும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எப்படி ஓடியது என்றால், ஆர்லிஸின் வாயால் ஓடியது. ஜனவரியிலிருந்து அவள் பயணம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். "பாரேன், இத்தனூண்டு ஊருக்கு நாற்பத்தஞ்சுன்னு பலகை வச்சிருக்கான்" என்பாள். அவர் வேகத்தைக் குறைப்பார். "எதிர்ல வர்ற லாரி என்ன சிவப்பு, பார்த்தியா?" என்பாள், அவர் வலப்பக்கம் ஒதுங்குவார். "அந்த நிறுத்தப் பலகைல யாரோ துப்பாக்கியால சுட்டு ஓட்டை போட்டிருக்கான்" என்றால் நிற்க வேண்டும் என்று பொருள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டினார்கள். அப்படி ஓட்டுவதாக இரண்டு பேரும் வாய் திறந்து ஒத்துக்கொள்ளவில்லை.

அவளாவது ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒமாஹாவில் மகள் கிறிஸ்டன் இவர்களுக்காக வீட்டின் அடித்தளத்தில் ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். சுத்தமான அறை, புதுக் கட்டில், தனிக் குளியலறை. ஜன்னல் ஒன்று உண்டு; அதில் பார்த்தால் புல்லின் அடித்தண்டும் பக்கத்து வீட்டு நாயின் காலும் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே நான்கு நாள் இருந்தார்கள். நான்காம் நாள் ஆர்லிஸ் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். டெல்மர் ஓட்டும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறைமேல் இருந்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்தினாள்.

இப்போது அதற்கும் ஒரு கெடு வந்துவிட்டது. வீடு இல்லாமல் வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு முகவரி ஏது? அவர்களில் பாதிப் பேருக்கு சவுத் டகோட்டாதான் பெயரளவுக்குச் சொந்த மாநிலம். அங்கே ஒரு கடிதப்பெட்டி எடுத்து, ஓர் இரவு தங்கி, தங்கியதற்கு ரசீது காட்டினால் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்து, இன்னோர் இரவு தங்கி, புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஒரு கருவிக்குள் பார்த்து எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். உரிமம் பிறந்தநாளோடு தீரும்; ஹாகன் தம்பதி இருவருக்கும் பிறந்தநாள் ஜூலையில். டெல்மருடையது தீர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கடையில் நிறுத்தினார்கள். செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பை ஒன்று வாங்கி இரண்டு முள்கரண்டி கேட்டார்கள். டெல்மர் காப்பியில் பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலங்கிய பிறகும் கலக்கினார்.

"நாளைக்கு நீ முதல்ல போ," என்றார்.

"எங்க?"

"அந்தக் கண்ணு பரிசோதனைக்குத்தான். முதல்ல நீ போய், நல்லா சத்தமா படி."

"ஏன், எனக்கென்ன மேடைப் பேச்சா?"

"அந்த ஆபீஸ்ல ஒரே சத்தம். அங்க உக்காந்திருக்கற அம்மாவுக்குக் கேக்க வேணாமா? சத்தமா, நிறுத்தி நிறுத்திப் படி. நான் உன் பின்னாடியே நிப்பேன்."

இதைச் சொல்லும்போது அவர் அவளுடைய காதைப் பார்த்தார். ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஆறு மாதமாக இரண்டு பேரும் சுற்றி வந்த விஷயம் பைத்தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"டெல், உனக்கு எவ்வளவு தெரியுது?"

"இந்தப் பை தெரியுது. நீ அதுல பாதிக்கு மேல தின்னுட்டது தெரியுது."

"விளையாடாத."

"ஆர்லி, நான் ஓட்ட ஆரம்பிச்சப்ப இந்த ரோட்டுக்கெல்லாம் தாரே கிடையாது. கண்ணு ஓட்டறது பாதி. மீதி கையும் காலும் ஓட்டுது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு பெட்டிக்குள்ள நாலு எழுத்து. அவ்வளவுதான் கேக்கறேன். வேணாம்னா சொல்லு, கிறிஸ்டனுக்கு போன் போடறேன். கீழ் அறை காலியாத்தான் இருக்கு."

அவளுக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தொன்பது வருட தாம்பத்தியத்தில் இந்த ஒரு கல்வியாவது எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. ஆர்லிஸ் மீதிப் பையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினாள்.

வண்டியில் ஏறிய பிறகும் பேசிக்கொண்டுதான் வந்தாள், பலகை, பாலம், குறுக்கே நடந்த மான் என்று. ஆனால் மனம் வேறொன்றைக் கணக்குப் போட்டபடி இருந்தது. அவர் கொஞ்சம் பார்க்கிறார், மீதியை நான் சொல்கிறேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று தெரியாமல் நாளைக்குச் சத்தமாகப் படிக்க முடியாது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது.

மிசூரி ஆற்றோரம், வீட்டு வண்டிகள் தங்கும் பூங்காவில் இடம் பதிவு செய்திருந்தார்கள். ஒரே இரவுக்குத்தான் இடம் என்று வாசலிலேயே சொன்னார்கள். ஆர்லிஸ் கெஞ்சிக் கேட்டு இரண்டு இரவாக்கிக்கொண்டாள்; அதற்கு மேல் முடியாது, வேறு ஆட்கள் வருகிறார்கள். சாயங்காலம் நாலு மணி. உயர்ந்த நிழல் மரங்களுக்குக் கீழே வரிசையாக வண்டிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் மடக்கு நாற்காலி. ஒரு பெரிய வண்டி உள்ளே வந்தால் எல்லா நாற்காலியும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். முகாம்களில் அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. கணவன் பின்னால் எடுப்பான், மனைவி கை காட்டுவாள், இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். பார்க்கிறவர்கள் பீரைக் குடித்தபடி மார்க் போடுவார்கள்.

ஹாகன் தம்பதிக்கு எப்போதும் முழு மார்க். காரைக் கழற்றிவிட்டு, ஆர்லிஸ் வாக்கி-டாக்கியோடு பின்னால் போய் நிற்பாள். அவர் ஒரே இழுப்பில் கோடு போட்ட மாதிரி வண்டியை உள்ளே சொருகுவார். முதல் நாளே அவர் அவளுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்திருந்தார். பேருந்துக் காலத்து விதி. "என் கண்ணாடில நீ தெரியலைன்னா நான் நிறுத்திடுவேன். பேட்டரி போகட்டும், காத்தடிக்கட்டும், இடி இடிக்கட்டும். நீ தெரியலைன்னா வண்டி நகராது." எட்டு வருடத்தில் இந்த விதியைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

"இடது பக்கம் கொஞ்சம்," என்றாள் ஆர்லிஸ் கருவியில். "போதும். நேரா வா. வா. வா."

வண்டி வந்தது. அவள் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்கு நேராக, திறந்த வெளியில், முழு வெளிச்சத்தில் வந்து நின்றாள். மஞ்சள் மேல்சட்டை போட்டிருந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள். அவர்களுக்குள் அதற்கு நில் என்று அர்த்தம். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

வண்டி ஒரு கணம் தயங்கியது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. பிறகு வண்டி மறுபடியும் நகர்ந்தது.

கண்ணாடியில் அவர் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளைப் பார்த்தபடிதான் இருந்தார். தாடையை இறுக்கிக்கொண்டு, நேராக அவளைப் பார்த்தபடி, அவள்மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். இருபது அடி. பதினைந்து. கைகளை இறக்கக்கூடாது, இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்துவார் என்று நின்றாள். பத்தடியில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள். ஆர்லிஸ் பக்கவாட்டில் குதித்து முழங்கால் சிராய விழுந்தாள். வண்டியின் பின்பகுதி தண்ணீர்க் குழாயைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது.

பக்கத்து இடத்திலிருந்த அயோவா மாநிலத்துக்காரர் பீர் டப்பாவை உயர்த்தி, "குளிக்க இடம் தனியா இருக்கு, அண்ணே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

டெல்மர் இறங்கி வந்தார். தண்ணீரைப் பார்த்தார், வளைந்த தகரத்தைக் கையால் தடவினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "வாக்கி-டாக்கில பேட்டரி போயிடுச்சு. மாத்தச் சொல்லி நேத்தே சொன்னேன் இவகிட்ட," என்றார்.

"மறந்துட்டேன்," என்றாள் ஆர்லிஸ். முழங்காலில் ரத்தம் வழிந்தது.

பூங்காக்காரர் வந்து தண்ணீரை அடைத்தார். நாற்காலிகள் திரும்பின. அயோவாக்காரரின் மனைவி ஜோலீன் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்தாள். வீறிட்டவள் அவள்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஆர்லிஸின் முழங்காலைத் துடைத்தபடி, தலை நிமிராமல் பேசினாள்.

"நான் பார்த்துட்டுதான் இருந்தேன்க்கா. நீங்க கை ரெண்டையும் தூக்கிட்டு நின்னீங்க."

"ம்."

"ரொம்ப நேரம் நின்னீங்க."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும் அவருக்கு."

"வெயில் அந்தப் பக்கம்க்கா," என்றாள் ஜோலீன். பஞ்சை மடித்து ஒட்டினாள். "எங்க மாமனார் இப்படித்தான் சொல்லிட்டே இருந்தாரு, கடைசில ஒரு சைக்கிள்காரப் பொண்ணு. நான் ஒண்ணும் சொல்லல. உங்க குடும்பம்."

மறுநாள் காலை காரை ஆர்லிஸ் ஓட்டினாள். ஊருக்குள் போக எப்போதும் அவள்தான். டெல்மர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நனைத்துச் சீவியிருந்தார். போட்டோ எடுப்பார்கள் அல்லவா. முகாமின் ரசீது அவர் மடியில் ஓர் உறைக்குள் இருந்தது. தண்ணீர்க் குழாயைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அலுவலகம் ஒரு விதைக் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையாக இருந்தது. ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் ட்வைலா என்று பெயர் குத்தியிருந்தது. அவள் பக்கத்தில் நெற்றியை அழுத்திப் பார்க்கிற சாம்பல் நிறக் கருவி. இவர்கள் முறை வந்ததும் டெல்மர் மனைவியின் முதுகில் லேசாகக் கை வைத்தார், தள்ளுகிற மாதிரியும் தட்டிக்கொடுக்கிற மாதிரியும்.

"ஆர்லிஸ் ஹாகன்? நெத்தியை அழுத்திக்கங்க. நாலாவது வரி படிங்க."

உள்ளே விளக்கு எரிந்தது. எழுத்துகள் கறுப்பாக, ஓரம் சீவினாற்போல நின்றன. அரை மைலுக்கு அப்பால் கம்பத்தில் உட்கார்ந்திருப்பது பருந்தா வல்லூறா என்று சொல்கிற கண் அவளுடையது. எச், கே, ஓ, வி, எஸ், டி. இரண்டடி பின்னால் டெல்மர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

சத்தம் இல்லாமல் படித்துவிடலாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தாள். ஆனால் அதனால் என்ன ஆகும்? காதில் விழவில்லை, சத்தம் அதிகம், எழுபது மைல் தள்ளி இன்னோர் அலுவலகம் இருக்கிறது, அங்கே போகலாம் என்பார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பலகை, பாலம், மான் என்று சொல்லிக்கொண்டு போவாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் போக முடியாதபடி ஒன்றைச் செய்தால்தான் உண்டு.

"ஆர்," என்றாள் உரக்க. "சி. என். எஃப். பி. இசட்."

ட்வைலா நிமிர்ந்தாள். "நாலாவது வரிம்மா. மேலேருந்து நாலாவது. நிதானமா, இன்னொரு தடவை."

"ஆர். சி. என். எஃப். பி. இசட்." இன்னும் உரக்க, நிறுத்தி நிறுத்தி, அவர் கேட்ட மாதிரியே படித்தாள்.

"சரிம்மா." ட்வைலா ஒரு தாளில் ஏதோ குறித்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்து, டெல்மர் ஹாகன்."

டெல்மர் முன்னால் வந்தார். கருவியைத் தேடித் தடவாமல், நேற்றே பழகிய ஆள் மாதிரி நெற்றியை வைத்தார். அந்த முதுகைப் பார்த்தபடி நின்றபோது, வேண்டாம், சொல்லாதே, தெரியவில்லை என்று சொல்லிவிடு என்று ஆர்லிஸ் மனத்துக்குள் கெஞ்சினாள். அவர் அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

"ஆர்," என்றார் டெல்மர் கணீரென்று. "சி. என். எஃப். பி. இசட்." ஒன்றும் தப்பவில்லை. நிமிர்ந்து, திருப்தியோடு சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார்.

அறையில் யாரோ இருமினார்கள். ட்வைலா அவரைப் பார்த்தாள், பிறகு ஆர்லிஸைப் பார்த்தாள். ட்வைலா கெட்டவள் இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சின்ன அறையில் அதனால் ஒன்றும் பிரயோசனம் இல்லை.

"சார், உங்க ரெண்டு பேருக்கும் அதே எழுத்துகள்தான் தெரியுது. ஆனா உள்ள அதுல ஒண்ணுகூட இல்ல."

டெல்மர் திரும்பி ஆர்லிஸின் காதைப் பார்த்தார்.

காருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கண் மருத்துவரின் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி இரண்டு படிவம் கொடுத்திருந்தாள் ட்வைலா. இரண்டும் அவர் மடியில் கிடந்தன. ஆர்லிஸ் சாவியைத் திருப்பவில்லை. விதைக் கடையிலிருந்து ஒருவர் மூட்டை தூக்கிக்கொண்டு வந்து, லாரியில் போட்டுவிட்டு, மறுபடி உள்ளே போனார்.

"உன் கண்ணுக்கு என்ன?" என்றார் டெல்மர்.

"ஒண்ணுமில்ல."

"அப்போ வேணும்னேதான்."

"வேணும்னேதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டிலயே வச்சு சொல்லியிருக்கலாம், அடிச்சிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி வச்சு என்னை... அந்த இருமினவன் சிரிச்சான், ஆர்லி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"நேத்து பேட்டரி போகல, டெல்."

அவர் கைகள் படிவத்தின் மேல் அசையாமல் இருந்தன.

"தெரியும்," என்றார். "வாக்கி-டாக்கில பச்சை விளக்கு எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு."

"நான்தான் பேச்சை நிறுத்தினேன். உன் கண்ணாடிக்கு நேரா வந்து நின்னேன். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு. உனக்கு எவ்வளவு தெரியுதுன்னு பார்க்கணும்னு நின்னேன்."

"எவ்வளவு தூரத்துல நின்ன?"

"முதல்ல இருபது அடி. அப்புறம் பத்து. அப்புறம் குதிச்சேன்."

 ஆர்லிஸ் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். என்னைச் சோதிச்சியா என்று கேட்பார், கதவை அறைந்து சாத்துவார் என்று நினைத்தாள். அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தாள். அவர் சொன்னது வேறு.

"கண்ணாடில நீ தெரியலைன்னு எனக்குத் தெரியும்," என்றார். "கண்ணாடில யாரும் இல்ல. சத்தமும் இல்ல. காலை பிரேக்ல வச்சேன். வச்சிட்டுதான் இருந்தேன். அந்த அயோவாக்காரன் பீரோட உக்காந்து பார்த்துட்டிருந்தான். எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. நடுவுல நிறுத்தி இறங்கிப் பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு தோணுச்சு. காலை எடுத்துட்டேன்."

 வண்டி தயங்கிய அந்த ஒரு கணம் ஆர்லிஸுக்கு நினைவுக்கு வந்தது. கண் தெரியாததால் வந்தார் என்று இரவெல்லாம் தனக்குத் தானே சொல்லி அவரை மன்னித்திருந்தாள். கண்ணை மன்னிப்பது சுலபம். காலை எடுத்ததை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் செத்திருப்பேன், டெல்."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னு சொல்லாத."

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

அவள் ஸ்டீயரிங்மேல் நெற்றியைச் சாய்த்தாள். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு, அவரை மட்டும் அடித்தால் நியாயமாகாது என்றும் தோன்றியது. "எனக்கும்தான் குளிர்காலத்துலேருந்து தெரியும்," என்றாள், நிமிராமல். "ஆறு மாசமா ரோட்டுல எத்தனை பேர் எதிர்ல வந்தாங்க. எத்தனை சைக்கிள். கிறிஸ்டன் வீட்டு அறைக்குப் போகக்கூடாதுன்னு நான் வாயடிச்சிட்டே வந்தேன். நேத்து நான் நின்ன இடத்துல வேற யாராவது நின்னிருந்தா, அந்தப் பழில பாதி என்னோடதுதான்."

டெல்மர் அவளைத் தேற்றவில்லை. அவர் தேற்றியிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது. படிவங்களை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்க போற?"

அவர் அலுவலகத்தை நோக்கி நடந்தார். கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்குப் போனார். பணப்பையை எடுத்தார், அதிலிருந்து உரிம அட்டையை உருவினார், ட்வைலாவுக்கு முன்னால் வைத்தார். ட்வைலா ஏதோ கேட்டாள். அவர் பேசினார், நிறையப் பேசினார். காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கப் பேசியிருக்க வேண்டும். ஒரு தடவை கையை நீட்டி வெளியே காரைக் காட்டினார். இருமிய ஆள் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது நடைபாதையின் விளிம்பில் நின்றார். எப்போதும் வேகமாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி, விளிம்பு எங்கே இருக்கும் என்று ஊகித்துக் காலை வைப்பவர் அவர். இரண்டு தடவை கணுக்கால் பிசகியும் அதை விடவில்லை. இப்போது ஒரு பாதத்தை முன்னால் நீட்டி, இங்கும் அங்கும் தடவி, விளிம்பைக் கண்டுபிடித்துவிட்டு இறங்கினார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். மெதுவாக, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். ஆர்லிஸ் இறங்கிப் போய்க் கையைப் பிடிக்கவில்லை. அவளுக்குக் கோபம் தீரவில்லை. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வந்தது.

அவர் அவள் பக்கத்துக் கதவுக்கு வந்து, குனிந்து, திறந்திருந்த ஜன்னலில் கை வைத்தார்.

"அந்தம்மா உன்னைக் கூப்பிடறாங்க. நீ ஏன் தப்பாப் படிச்சன்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றார். "நாளைக்கு இடத்தைக் காலி பண்ணணும். அந்த வண்டியை எடுக்க இனி நீதான் இருக்க."

"எனக்கு அதை ஓட்டத் தெரியாது."

"தெரியாதுதான். எங்க போறதுன்னும் தெரியாது. அதெல்லாம் அப்புறம்." கதவைத் திறந்து பிடித்தார். "போ. இந்தத் தடவை உள்ளதைப் படி."